ஆவுளியாவும் விட்டிலும்

அருமை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. எளிதிற் கிடையாதது என்பது ஒன்று. மதிப்புக்கும் அன்புக்கும் உரியது என்பது மற்றொன்று. அரும்பொருள் என்னுமிடத்து முதற்பொருளும், அருமை மகன் என்னுமிடத்து இரண்டாவது பொருளும் முன்னிற்கின்றன. எளிமையும் இவ்வாறே இருமுகம் உடையது. முயற்சியின்றிக் கைக்கு வருவதும் எளியது, வறியவனும் எளியவன். சொற்கள் இப்படிப் பின்னிக் கிடத்தலால், குறைவாக உள்ளது உயர்ந்தது, மலிவாக உள்ளது தாழ்ந்தது என்னும் எண்ணம் நாம் அறியாமலே நம்முட் புகுந்துவிடுகின்றது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை மன்னார்ப் பகுதியில் வாழும் இரண்டு உயிர்களை வைத்துப் பார்க்க விரும்புகின்றேன்.

அரிய விலங்கு என்றவுடன் பலருடைய மனம் காட்டுக்குத்தான் போகும். காட்டிலும் மானிடத்துப் போகும். நம் புலவர்கள் பழக்கிவைத்த பழக்கம் அது. ஆனால் இலங்கைக் காடுகளிற் புள்ளிமானும் மரையும் திரிகின்றனவேயன்றி, முறுக்குக் கொம்புடைய இரலை இல்லை. இரலையைக் காண விரும்புவோர் கடல் கடந்து கோடியக்கரைக்குச் செல்ல வேண்டும். மன்னாரின் அரிய விலங்கு வேறிடத்தில் உள்ளது. தலைமன்னாருக்கும் வங்காலைக்கும் அப்பால், ஆழங்குறைந்த கடலின் அடியிலே புல் மேய்ந்துகொண்டிருக்கும் ஆவுளியாவே அது. கடற்பசு என்பது அதற்குப் புத்தகத்தார் இட்ட பெயர். கரையிலுள்ளோருட் சிலர் கடற்பன்றி என்றும் சொல்வர். சிங்களத்திலும் அதன் பெயருக்குக் கடற்பன்றி என்பதே பொருள். ஒரே விலங்கை ஒருவர் பசு என்றும் ஒருவர் பன்றி என்றும் அழைப்பது வேடிக்கை. உண்பதா விடுவதா என்பதை நம் நாட்டிற் பல வேளைகளிற் பெயரே தீர்மானித்துவிடுகின்றது. ஆவுளியாவை எந்தப் பெயரும் காப்பாற்றவில்லை.

எளிய உயிர் விட்டில். விட்டில் என்றால் விளக்கில் விழும் பூச்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். நான் இங்கே கருதுவது நெல்வயலிற் பிறந்து வரும் ஒரு வகையை. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் முருங்கன், நானாட்டான் முதலிய ஊர்களிற் காலபோகப் பயிர் நிற்கும் மாதங்களில், மாலை விளக்கு எரியத் தொடங்கியதும் அது கூட்டமாய் வந்து சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பெண்பூச்சிக்கு வெளிர்மஞ்சள் இறகு; முன்னிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் மையாற் குத்தியது போல ஒரு கரும்புள்ளி. ஆண் சற்றுச் சிறியது, பழுப்பு நிறத்தது. நெற்றண்டைத் துளைக்கும் புழுவின் தாய் இதுவே. தமிழ்நாட்டார் இதனைக் குருத்துப்பூச்சி என்பர். இளம்பயிரிற் புழு துளைத்தால் நடுக்குருத்துக் காய்ந்து, இழுத்த கையோடு வந்துவிடும். கதிர்ப்பருவத்தில் துளைத்தால் மணியற்ற வெண்கதிர் நிமிர்ந்து நிற்கும். நெற்கதிர் தலை வணங்காமல் நிமிர்ந்து நிற்கக் கண்டால் உழவன் நெஞ்சு துணுக்குறும்.

இவ்விரண்டையும் ஒருங்கு நிறுத்தினால் முதலில் நினைவுக்கு வருவது தொல்காப்பிய மரபியல். அங்கே உயிர்கள் அறிவின் எண்ணிக்கையால் வகுக்கப்பட்டுள்ளன. நண்டும் தும்பியும் நாலறிவுயிர் வரிசையில் நிற்கின்றன. விலங்குகள் ஐயறிவுயிர் வரிசையில் நிற்கின்றன. விட்டிலைத் தும்பியோடும் ஆவுளியாவை விலங்கோடும் சேர்ப்பதில் யாருக்கும் மாறுபாடு இராது. ஆக, ஆவுளியா ஒருபடி மேல். அந்த ஒருபடி எது? செவியறிவு.

இன்றைய உயிர்நூலார் இவ்விடத்திற் சுவையான செய்தி ஒன்று சொல்கின்றனர். நம் குருத்துப்பூச்சி சேர்ந்த குடும்பத்து விட்டில்களுக்குச் செவி உண்டு. அது தலையில் இல்லை. வயிற்றின் அடிப்பக்கத்தில், மெல்லிய தோற்பறை போல இருக்கின்றது. மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலியை எழுப்பிக்கொண்டு வௌவால் இருளில் வருகின்றது. அவ்வொலி அந்தப் பறையிற் பட்டவுடன் விட்டில் திசைமாறும்; அல்லது இறகை மடித்துக் கீழே விழும். ஆவுளியாவின் நிலை இதற்கு எதிர். அதற்குப் புறச்செவி இல்லை. கண்ணும் மிகச் சிறியது. ஆனால் நீருக்குள் ஒலியை நன்றாகக் கேட்கின்றது. குருவி கத்துவது போன்ற ஒலியால் ஒன்றையொன்று அழைக்கின்றது. கலங்கிய நீரில் அதற்கு வழிகாட்டுவது தடித்த மேலுதட்டில் முளைத்த முட்கள் போன்ற மயிர்களே. அவற்றால் தடவித் தடவிப் புல் எது, சேறு எது என்று அறிகின்றது. வெளியே தெரியும் செவியை வைத்து வகுக்கப் புகுந்தால் இரண்டும் செவியற்றவை. உள்ளே கேட்கும் கேள்வியை வைத்து வகுத்தால் இரண்டும் செவியுடையவை. மரபியல் கூறும் படிநிலையை நான் குறைகூற வரவில்லை. விட்டிலைக் கீழே வைக்க அந்த ஒருபடி போதாது என்பதே நான் சொல்ல வந்தது.

ஆவுளியாவை மனிதர் நெடுங்காலம் மனிதச் சாதியிலேயே சேர்த்து மயங்கியதும் உண்டு. 1560ஆம் ஆண்டில் மன்னார்க் கடலில் ஆணும் பெண்ணுமாய் ஏழு கடல்மாந்தர் வலையிற் பட்டனர் என்றும், கோவாவிலிருந்த போர்த்துக்கேயப் பதிலரசரின் வைத்தியர் பொஸ்கேஸ் என்பவர் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளும் புறமும் மனித உடம்பை ஒத்திருப்பதாகச் சொன்னார் என்றும் இயேசுசபையாரின் பழைய குறிப்பொன்று கூறுகின்றது. இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் இக்கதையை எடுத்துக் கூறி, கடற்கன்னியாகக் கருதப்பட்டது ஆவுளியாவே என்று விளக்கினார். பெண் ஆவுளியாவுக்கு முலை மார்புப்புறத்தில், முன்துடுப்பின் அருகே உள்ளது. மயக்கத்திற்கு அதுவே காரணமாயிற்று. யானைக்கும் முலை முன்னங்கால்களின் இடையிலேயே இருக்கின்றது. ஆவுளியாவின் நெருங்கிய சுற்றம் தரையில் வாழும் யானையே என்பது உயிர்நூலார் முடிபு. மீசை முளைத்த முகமும் மூன்று மீற்றர் நீளமும் நானூறு கிலோ வரை நிறையும் உடைய இவ்வுயிரைக் கன்னி என்று கண்டவர்கள் எத்தனை மாதம் கடலில் அலைந்தவர்களோ!

ஒருமுறை வகுப்பில் உயிர்ப்பாகுபாடு பற்றிப் பாடம் நடந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, ஒரு இரவில் ஆயிரம் விட்டில் செத்து விழுகுது, ஒருவரும் கேட்கிறதில்லை. ஒரு ஆவுளியாவைக் கொண்டால் மறியலாம். ரெண்டும் உயிர்தானே?" வகுப்புச் சிரித்தது. கேள்வியோ சிரிப்புக்குரியதன்று. உயிர்க்கு உயிர் சமம் என்னும் நெறி நம்மவருக்குப் புதியதும் அன்று. விடையை அறநூலிலே தேடாமற் கணக்கிலே தேடும்படி அவனுக்குச் சொன்னேன்.

கணக்கு இது. பெண் விட்டில் ஒன்று ஏறத்தாழ நூற்றைம்பது முட்டையிடுகின்றது என்று கொள்வோம். தன் உடல்மயிரை உதிர்த்து அம்முட்டைகளைப் போர்த்தும் வைக்கின்றது. பூச்சியின் தாய்மைக்கு அவ்வளவே. முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, மீண்டும் விட்டிலாக ஏறத்தாழ ஐம்பது நாள் போதும். பாதி பெண் என்று வைத்தால் முதல் தலைமுறையில் 75 தாய்மார். இரண்டாம் தலைமுறையில் 5,625. மூன்றாம் தலைமுறையில் 4,21,875. ஒரு தாயிலிருந்து, ஐந்து மாதத்துக்குள், நான்கு இலட்சம் தாய்மார்! அவ்வாறு நடந்திருந்தால் நெல் என்னும் சொல்லே நிகண்டில் மட்டும் எஞ்சியிருக்கும். நடவாதது ஏன்? நூற்றைம்பதிற் பெரும்பகுதி வேறு யாருக்கோ இரையாகின்றது. முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கும் கண்ணுக்கெட்டாத சிறுகுளவி, இலைக்கிடையிற் காத்திருக்கும் சிலந்தி, தும்பி, தவளை, கரிச்சான், வௌவால், சுவரிலே பல்லி என்று வரிசை நீளும். விட்டில் மலிவாயிருப்பதால் இத்தனை வாய்கள் உண்கின்றன. இத்தனை வாய்கள் உண்ண இருப்பதால் அது மலிவாய்ப் பிறக்கின்றது.

ஆவுளியாவின் கணக்கு வேறு. பெண் முதற்கன்று ஈனப் பத்தாண்டு வரையோ, சிலவிடத்து அதற்கு மேலோ செல்லும். சூல் தாங்குவது பதின்மூன்று பதினான்கு மாதம். ஒருமுறைக்கு ஒரு கன்று. அக்கன்று ஒன்றரை ஆண்டு தாயின் அருகை விட்டகலாது பாலுண்ணும். அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை இடைவெளி. எழுபது ஆண்டு வாழக்கூடிய உயிர்தான். ஆயினும் எல்லாம் நலமாய் அமைந்தாலும் ஆவுளியாக் கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேற் பெருகாது என்று அறிஞர் கணித்துள்ளனர். நூறு உள்ள கடலில் ஓராண்டில் மிகினும் ஐந்து கூடும். வலையில் இறப்பவை ஐந்துக்கு மேற்பட்டால் கூட்டம் தேயத் தொடங்கும். இறப்பவை ஈனும் தாய்களாயிருந்தால் ஐந்தும் வேண்டியதில்லை. ஆயிரம் விட்டிலின் சாவு விட்டிற்குலத்துக்கு ஒரு பொருட்டாகாமலும், ஒரு தாய் ஆவுளியாவின் சாவு அதன் குலத்துக்குப் பேரிழப்பாகவும் இருப்பது இதனால். சட்டம் கைவைப்பது பாவத்தின் நிறையை அளந்தன்று. மீள்வதற்குச் செல்லும் காலத்தை அளந்தே.

இந்த இடத்தில் அருமை என்னும் சொல்லை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆவுளியா பிறப்பிலே அரியதன்று. பாக்கு நீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் அது முன்னாளில் மந்தை மந்தையாக மேய்ந்தது. அதன் இறைச்சி மன்னாரிலும் புத்தளத்திலும் கீழக்கரையிலும் வெளிப்படையாக விற்கப்பட்டது. விருந்துக்குரிய இறைச்சி என்று பேரும் பெற்றது. மண்டபத்திலுள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1959 முதற் பல ஆண்டுகள் இரண்டு ஆவுளியாக்களைத் தொட்டியில் வைத்து வளர்த்தனர். அக்காலத்தில் அது கறிக்கு உதவும் எளிய பொருள். அதனை அரியதாக்கியது நாம். ஆக்கிய பின்னர் அருமை என்று பாராட்டுவதும் நாமே.

மன்னாரார் இப்பாடத்தை முன்னரே ஒருமுறை படித்திருக்கின்றனர். முத்துச்சிப்பியைவிட மலிவான உயிர் இக்கடலில் எது இருந்தது? 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் ஏறத்தாழ எட்டுக்கோடிச் சிப்பி எடுக்கப்பட்டது. மறிச்சுக்கட்டியிலே வெறும் மணற்காட்டில் ஒரு நகரமே எழுந்தது. மறு ஆண்டு முத்துப் பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன; அவ்வாண்டுச் சலாபத்தில் அரசாங்க உத்தியோகத்தராய்க் கடமை செய்தவர்களுள் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராய்ப் பெயர்பெற்ற லெனாட் வுல்ஃப். 1907க்குப் பின்னர் நெடுங்காலம் குளிப்பே நிகழவில்லை, கம்பனி நொடித்துப்போயிற்று. சிப்பிப் பார்கள் இயற்கையாகவே பல ஆண்டு வெறிதாய்க் கிடப்பதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அவ்வாறு நேர்ந்தது. ஆகவே குற்றம் முழுவதையும் குத்தகைக்காரர் தலையில் ஏற்றுதல் முறையாகாது. ஆனால் கோடிக்கணக்கில் இருப்பது எந்நாளும் இருக்கும் என்று இருபதாண்டுக்குக் கணக்கெழுதிய துணிவு இருக்கின்றதே, அது நினைக்கத்தக்கது. வட அமெரிக்காவில் வானத்தை மறைத்துப் பறந்த வழிசெல் புறாவின் கடைசி ஒன்று 1914இற் கூண்டிலே இறந்தது. ஆவுளியாவின் குடும்பத்தைச் சேர்ந்த மாபெரும் கடற்பசு ஒன்றை வடபசிபிக்கில் ஸ்ரெல்லர் என்னும் அறிஞர் 1741இற் கண்டு எழுதினார். கப்பலோட்டிகள் அதனை உணவுக்காகக் கொன்று 1768க்குள் முடித்துவிட்டனர். கண்டறிந்ததற்கும் கடைசி ஒன்றைக் கொன்றதற்கும் இடையே இருபத்தேழு ஆண்டு. சீனக் கடலில் ஆவுளியா வாழும் இனமாக இனி இல்லை என்று ஆய்வாளர் 2022இல் அறிவித்தனர்.

இனி, கொல்ல விரும்பும் உயிரை நாம் என்ன செய்தோம் என்று பார்ப்போம். விட்டிலின்மேல் உழவன் கொண்ட பகை நியாயமானது. வெண்கதிர் கண்ட வயற்காரனிடம் விட்டிலுக்காக நான் வழக்காடப் போவதில்லை. ஆனால் மருந்தடித்து என்ன கண்டோம்? புழு தண்டுக்குள்ளே இருக்கின்றது; மருந்து வெளியே படிகின்றது. முதலில் மடிவன வெளியே திரியும் சிலந்தியும் தும்பியும் முட்டைக்குளவியுமே. இவை விட்டிலை உண்டு வாழ்பவை. விட்டிலைப்போல் விரைந்து மீள்வனவும் அல்ல. மருந்தின் வேகம் தணிந்ததும் காவலற்ற வயலில் விட்டில் மறுபடி முட்டையிடுகின்றது. நெல்லைத் தாக்கும் தத்திப்பூச்சியினால் இத்தகைய இடர்ப்பட்ட இந்தோனேசிய அரசு, 1986இல் ஐம்பத்தேழு பூச்சிமருந்துகளை நெற்பயிருக்கு அடிக்கலாகாது என்று தடைசெய்தது. தமிழ்நாட்டிலே குளவி முட்டையொட்டிய அட்டைகளை வயலிற் கட்டும் வழக்கமும் உண்டு. அது மருந்தைப்போல் ஆரவாரமான வேலையன்று. குளவி தன் தொழிலைச் செய்யவிடுவது, அவ்வளவுதான்.

வயலில் நடந்ததே கடலிலும் நடந்தது. ஆவுளியாவைப் பிடிக்கவென்றே இப்போது யாரும் வலை போடுவது அரிது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டமும், இங்கே தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதனைக் காக்கின்றன. பெரிய கண்ணுடைய திருக்கைவலை திருக்கைக்காக விரிக்கப்படுகின்றது. ஆவுளியா அதிற் சிக்குகின்றது. அது மீனன்று, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுக்க வேண்டும். சிக்கிய ஆவுளியா வலைக்காரன் திரும்பி வருமுன் மூச்சுமுட்டி இறந்து கிடக்கும். இழுவைமடி அடியைச் சுரண்டும்போது அதன் மேய்ச்சல்நிலம் போய்விடுகின்றது. இலங்கையில் இழுவைமடித் தொழில் 2017இற் சட்டத்தால் தடுக்கப்பட்டது. தடுத்த பின்னரும் இரு கரையாரிடையே அதுபற்றிய பிணக்குத் தீர்ந்தபாடில்லை. தங்கூசி வலையும் வெடியும் சட்டத்துக்கு மாறானவையே. மாறானவை என்பது அவற்றை வைத்திருப்போருக்கும் தெரியும்.

மேய்ச்சல்நிலம் என்றேன். கடலடியில் வளரும் இப்புல் பாசியன்று. வேரும் பூவும் காயும் உடைய மெய்யான செடி அது. ஆவுளியா நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ வரை வேரோடு பிடுங்கி மேய்ந்து, சேற்றிலே நீண்ட தடம் விட்டுச் செல்லும். அத்தடத்தில் இளம்புல் துளிர்க்கும். சாணத்தோடு புல்லின் விதை வேறிடம் போய் முளைக்கும். இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்வது அப்புல்லின் நிழலில். பேசாலை மீனவனின் இறாலுக்கும் அவன் கண்ணாற் காணாத ஆவுளியாவுக்கும் உள்ள தொடர்பு இது. விட்டிலுக்குப் பின்னே குளவியும் கரிச்சானும் நிற்பதுபோல, ஆவுளியாவுக்குப் பின்னே புல்லும் இறாலும் நிற்கின்றன. அருமை எளிமை பற்றி நம் சொற்கள் செய்யும் வேறுபாடு அங்கே இல்லை.

தமிழ்நாட்டு அரசு 2022 செப்டெம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை அடுத்த பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆவுளியாவுக்கான காப்பிடமாக அறிவித்தது. வலையிற்பட்ட ஆவுளியாவை உயிரோடு விடும் மீனவருக்கு அங்கே வனத்துறையார் பாராட்டும் பணமும் வழங்கி வருகின்றனர். நான் பேச்சுக்கு மகிழ்பவன். ஆனாலும் இவ்விடத்திற் பாராட்டைவிடப் பணமே முக்கியம் என்பேன். இருளிலே, ஆடும் படகிலே, நானூறு கிலோ விலங்கு வலையைச் சுற்றிக்கொண்டு திமிறும்போது, கடன்பட்டு வாங்கிய வலையைத் தன் கையாலேயே அறுக்க வேண்டும். அறுத்தால் வலையும் போயிற்று, அன்றைய மீனும் போயிற்று. அறுக்காமல் விட்டால் விடியுமுன் இரகசியமாக விலைபோகக்கூடிய இறைச்சி கையில் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவிலே ஒரு குடும்பத்தலைவனை நிறுத்திவைத்து, அருமை பெருமை பேசிக்கொண்டிருப்பது நமக்கு எளிது. அறுந்த வலையைக் கிராமத்து மீனவர் சங்கம் பார்த்துச் சான்று கொடுக்க, அந்த மாதத்துக்குள்ளேயே அரசாங்கம் புதுவலைக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். வங்காலையிலும் பேசாலையிலும் தலைமன்னாரிலும் அதனை நடத்திப் பார்க்கலாம். வலையின் விலைக்குமேல் ஒரு நாட் கூலியையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நன்று.